கண்மணி பாட்டில் யாரும் கத்தாத வரி

கொடைக்கானலில் குடியிருப்பவர்கள் 'குணா' படத்துக் 'கண்மணி அன்போடு' பாட்டிலிருந்து தப்பிக்கவே முடியாது. 2024 பிப்ரவரியில் அந்தப் பாட்டை எடுத்து வைத்த மலையாளப் படம் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்தாலும் வந்தது, மோயர் பாயிண்ட் ரோட்டில் நிற்கிற வண்டிகளில் பாதியில் இந்தப் பாட்டுதான் ஓடுகிறது. நான் வேலை பார்க்கும் விடுதியில் ரூம் சாவியைக் கையில் வாங்கும்போதே "குணா கேவ் எப்பங்க தெறப்பாங்க?" என்று கேட்கிறார்கள். 'குணா' எடுத்த அந்தக் குகைக்குள் இறங்க விடமாட்டார்கள், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கணும் என்றால் முகம் தொங்கிப் போகிறது. சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு என்று போய், தரையெல்லாம் பின்னிக் கிடக்கிற சோலை மரத்து வேர்கள் மேல் உட்கார்ந்துகொண்டு ரீல்ஸ் எடுக்கிறார்கள். எல்லா ரீல்ஸிலும் ஒரே வரிதான். "மனிதர் உணர்ந்து கொள்ள இது மனிதக் காதல் அல்ல, அதையும் தாண்டிப் புனிதமானது!"

எனக்கு அந்தப் பாட்டு உயிர். அந்த ஒரு வரி மட்டும் இத்தனை வருஷமாகியும் ஒட்டவில்லை.

1991 தீபாவளிக்கு 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்தன. இரண்டுக்கும் இளையராஜா, இரண்டிலும் பாட்டு வாலி. (ராஜாவையும் கமலையும் கொண்டாடுகிறவர்கள் வாலியை வசதியாக மறந்துவிடுகிறார்கள், அது தனி வருத்தம்.) அந்த வரியை யார் யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். மனநிலை சரியில்லாத ஒருவன், தானே கடத்திக்கொண்டு வந்த பெண்ணிடம் சொல்கிறான். குணா நோயாளி, அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. படமும் அவனை நோயாளியாகத்தான் காட்டுகிறது. ஆனால் நல்ல தெளிவோடு இருக்கிற ஒருத்தன் பஸ் ஸ்டாண்டிலிருந்து காலேஜ் வாசல்வரை பின்னாலேயே வந்து, "என் லவ் புனிதமானதுங்க" என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். நிறையப் பெண்கள் கேட்டிருப்பீர்கள். புனிதம் என்று அவன் சொல்லிவிட்டால், வேண்டாம் என்று சொல்கிற நாம்தான் பாவி.

மலையாளப் படத்தில் அதே வரி வரும்போது மட்டும் நான் அடங்கி உட்கார்ந்தேன். 2006-இல் நிஜமாகவே நடந்த சம்பவம் அது. தவறி விழுந்த நண்பனைத் தூக்க இன்னொருவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இதே குணா குகைப் பள்ளத்துக்குள் இறங்கினான். அங்கே அந்த வரி கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இங்கே யாரும் யாரையும் கடத்தவில்லை, விழுந்தவனும் 'காப்பாத்து' என்றுதான் கத்திக்கொண்டிருந்தான்.

என்னுடைய வரி அதற்கு நேர் முன்னால் இருக்கிறது. எல்லோரும் கத்துவதற்கு மூச்சுப் பிடிக்கிற இடம்.

"எந்தன் சோகம் உன்னைத் தாக்கும் என்றெண்ணும்போது வந்த அழுகை நின்றது."

அந்தப் பாட்டு எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். அவன் கடிதம் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். அவன் சொல்வதெல்லாம் நம் வீட்டுப் பேச்சு. லெட்டரா, மடலா, கடுதாசியா என்று தடுமாறுகிறான். நடுநடுவே மானே, தேனே, பொன்மானே எல்லாம் போட்டுக்கணும் என்று அவளுக்கே ஐடியா கொடுக்கிறான். அந்தப் பேச்சு ஜானகியம்மா குரலில் திரும்பி வரும்போது பாட்டாகியிருக்கிறது. அவன் 'உடம்பு' என்றது அவளிடம் 'மேனி' ஆகிறது. இன்னொன்று: ஜோடனைக்காகச் சொல்லிக்கொடுத்த அந்த மானும் தேனும் "உந்தன் மேனி தாங்காது செந்தேனே" வரைக்கும்தான் வருகின்றன. அழுகை வரியில் ஒரு மானும் இல்லை. வாலி அங்கே கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றுவிட்டார். பாட்டு எழுதுகிறவருக்கு அது லேசான காரியமில்லை.

குணா அந்தப் பெண்ணை ஒரு மனுஷியாகப் பார்க்கிற இடம் எனக்குத் தெரிந்து இதுதான். அதுவரைக்கும் அவள் அபிராமி, தெய்வம், அவன் தலைக்குள் ஓடுகிற படம். நான் அழுதால் அவளுக்கு வலிக்குமே என்று நினைத்தவுடன் அவளுக்கும் ஒரு உடம்பு, ஒரு மனசு வந்துவிடுகிறது. அடுத்த மூச்சிலேயே 'புனிதம்' என்று சொல்லி அவளை மறுபடியும் பீடத்தில் ஏற்றிவிடுகிறான் என்பது வேறு விஷயம்.

இந்த வரி எனக்குள் தங்கியதற்கு எங்கள் அம்மாதான் காரணம்.

சொந்த ஊர் பூம்பாறை. படிக்கட்டுபடிக்கட்டாக வெட்டின காடு, மலைப்பூண்டு வெள்ளாமை. நான் மதுரையில் ஹாஸ்டலில் இருந்து படித்த காலத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடைப்பது குதிரைக்கொம்பு. அம்மா ஒரு மேட்டில் ஏறி நின்றுதான் போன் பண்ணும். அதனால் பேச்சோடு எப்போதும் காற்றும் சேர்ந்து வரும். "நாங்க நல்லாருக்கோம் சாமி, நீ சாப்ட்டியா?" பாட்டிலும் கடிதம் அப்படித்தானே தொடங்குகிறது. உன் வீட்டில் சௌக்கியமா, நான் இங்கு சௌக்கியமே.

அந்த மழைக்காலத்தில் சில நாள் போனில் நடுவே பேச்சு நின்றுவிடும். வெறும் காற்று மட்டும் கேட்கும். நான் சிக்னல் போய்விட்டது என்று "அம்மா, அம்மா" என்பேன். கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், துளி பிசிறில்லாமல், "ஆங், சொல்லு, பரீட்சை என்னைக்கு?" என்று கேட்கும்.

பரீட்சை முடிந்து லீவுக்கு வந்தேன். திண்ணையில் அம்மா உட்கார்ந்திருக்கிறது, வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. கட்டு அழுக்கேறிப் பழுப்பாகி, ஓரமெல்லாம் நைந்து கிடந்தது. மடியில் ஒரு முறம். ஒரு பூண்டை முட்டிக்கு அடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கைக் கட்டைவிரல் நகத்தால் தோலைக் கிள்ளிக்கொண்டிருந்தது. கட்டு போட்டுப் பல நாளாகிவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. ஈரத்தில் வரப்பு சறுக்கி விழுந்திருக்கிறது. எலும்பு முறிந்த அன்றைக்குச் சாயங்காலமும் மேடேறி எனக்குப் போன் பண்ணியிருக்கிறது. அப்பாவுக்கும் "அவகிட்ட வாயத் தெறக்கக் கூடாது" என்று உத்தரவு.

சிக்னலெல்லாம் போகவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். 'வந்த அழுகை நின்றது' என்றால் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால், அந்தக் காற்றுச் சத்தத்தைத்தான் சொல்வேன்.

என் தங்கச்சி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் நர்ஸ். "அழுகையை அடக்குறதெல்லாம் ஒரு பெருமையாக்கா? பொம்பளைங்க வலியச் சொல்லாம மறைச்சு மறைச்சுத்தான் கடைசி நேரத்துல ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றாங்க. நீ வேற அதுக்குப் பாட்டுப் போடுற" என்பாள். அவள் பேச்சில் நியாயம் இருக்கிறது. புனிதம் என்று சொல்லி ஒரு பெண்ணின் வாயை அடைப்பது தப்பு என்கிற நான், பாசம் என்று சொல்லி அம்மாவின் வாயை அடைத்தால் மட்டும் சரியாகிவிடுமா? அதற்கு என்னிடம் முழுசாகப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அம்மாவை யாரும் அடக்கச் சொல்லவில்லை. "நீ அழுதா எனக்குக் கஷ்டமா இருக்கும், அழாதே" என்று நான் சொல்லியிருந்தால் அது அதிகாரம். அதுவாக நினைத்து நிறுத்திக்கொண்டது வேறு. பாட்டிலும் அழாதே என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் தங்கச்சி கேட்டது மனசில் அரித்துக்கொண்டே இருந்தது. போன வாரம் ஊருக்குப் போனபோது பாட்டைப் போட்டுக் காட்டி, வரியையும் விளக்கி, "ஏம்மா அன்னைக்கு எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டே விட்டேன். அம்மா பாட்டை முழுசாகக் கேட்டது. "கிறுக்குப் பய, ஆனா நல்லாத்தான் பாடுறான்" என்றது. அப்புறம் என்னைப் பார்த்து, "சொன்னா பரீட்சைய விட்டுப்புட்டு ஓடியாந்திருப்ப. வந்து என்ன செஞ்சிருப்ப? ஒனக்குப் பூண்டு உரிக்கக்கூடத் தெரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டது.