பிள்ளையின் எஃபெக்ட்தான் முந்தும்

ரியாக்ட், வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் வலைப்பக்கத்தைக் காம்போனென்ட் என்ற சிறு பகுதிகளாக, ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டுவோம். அதைப் பற்றிய உங்கள் கட்டுரையில் "தாய் காம்போனென்ட் முழுதாகத் தயாரான பிறகே உள்ளிருக்கும் பிள்ளை தொடங்கும்" என்று இருக்கிறது. பாதிதான் சரி. ரியாக்டில் ரெண்டர், அதாவது திரையில் வரவேண்டியதைக் கணக்கிடும் வேலை, தாயிலிருந்து பிள்ளைக்கு, மேலிருந்து கீழே இறங்கும். அது முடிந்த பிறகு ஓடும் யூஸ்எஃபெக்ட் கீழிருந்து மேலே ஏறும். வியூவிலும் தாயின் செட்டப் (தொடக்க வேலை) முந்தும், ஆனால் பிள்ளையின் ஆன்மவுண்டட் (பக்கத்தில் பொருத்தியதும் ஓடுவது) ஓடிய பிறகுதான் தாயுடையது.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை எடை போடும் ஓரிடத்துக்கு ரியாக்டில் ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். தாயின் யூஸ்எஃபெக்ட், பிரவுசரின் சேமிப்பான லோக்கல் ஸ்டோரேஜிலிருந்து அன்றைய விலையைப் படித்து, ரெஃப் என்ற பெட்டியில் வைக்கும். உள்ளே இருந்த பில் காம்போனென்ட், தன் யூஸ்எஃபெக்டில் அதை எடையோடு பெருக்கும். லோரி தராசில் நிற்கிறது, எடை சரியாக வருகிறது, தொகை மட்டும் 0.00 ரிங்கிட்! பிள்ளை பெருக்கிய நேரத்தில் ரெஃபில் இன்னும் நல் (null), அதாவது வெறுமைதான்; பெருக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் அதை 0 என்றே எடுத்துக்கொள்ளும். பிறகு விலை வந்தாலும், ரெஃப் மாறினால் மறு ரெண்டர் நடக்காதே.

செட்டைம்அவுட் போட்டு, பெருக்கலைக் கொஞ்சம் தாமதிக்கச் சிலர் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விலையை, மாறினால் மறு ரெண்டர் நடக்கும் ஸ்டேட்டுக்கு மாற்றி, தாயிலிருந்து பிள்ளைக்குத் தரும் ப்ராப்பாக இறக்கினேன். விலை வரும்வரை பில்லை ரெண்டரே செய்வதில்லை. அப்புறம் தொல்லை இல்லை.

கட்டுரையில் அந்த ஒரு வரியைத் திருத்திவிடுங்கள். தமிழில் படித்துக் கற்கும் பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறார்கள்.