இட்லிக் கொப்பரைக்கு எப்போது 1991 வரும்?

தெருமுனையில் நாலு இட்லி அவித்து விற்க நினைத்தது ஒரு குற்றமா? உணவுப் பாதுகாப்புப் பதிவு, தொழில் உரிமம், வாடகை ஒப்பந்த நகல்... போன வாரம் போனால் சார் மீட்டிங்கில் இருந்தார். இந்த வாரம் ஒரு ஜெராக்ஸ் குறைகிறதாம். அதைப் போன வாரமே சொல்லித் தொலைத்திருக்கலாம்!

1959-இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, ‘லைசென்ஸ் பர்மிட் கோட்டா ராஜ்’ என்று இதைத்தான் திட்டித் தீர்த்தார். 1991-இல் நரசிம்ம ராவும் மன்மோகன் சிங்கும் பெரும்பாலான ஆலைகளுக்கு லைசென்ஸ் கெடுபிடியை எடுத்துவிட்டார்கள். சரி, என் கொப்பரைக்கு?

சுத்தம் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாக வந்து மூடியைத் திறந்து பார்க்கட்டும். ஆனால் ஒருவரும் வரவில்லை. ஃபைல்தான் மேசை மேசையாக ஊர்கிறது. பூட்டிய கடைக்கு இரண்டாம் மாத வாடகையும் கொடுத்தாயிற்று.