சித்திர நூல்கள் காத்திருக்கக் கூடாது

இலங்கை மலையகத்தின் சிறு பதிப்பகங்கள் முதலில் தேயிலைத் தோட்ட வரலாறுகளை வெளியிட வேண்டும், சிறுவர் சித்திர நூல்கள் பின்னர் வரலாம் என்று எழுதிய ஒரு கட்டுரையாளரின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் பெரியவர்களுக்கான நூல்களில் ஓரளவேனும் பதிவாகியுள்ளன. ஆனால், மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, தப்பு என்னும் பறை முழங்க ரதியும் மதனும் ஆடி, இறுதியில் மன்மதனை எரிக்கும் காமன் கூத்தை, அதைப் பார்த்தே வளரும் லயத்துப் பிள்ளை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் வாழும் குழந்தை) தன் படப் புத்தகத்தில் காண்பது மிக அரிது. நெல்வயலும் பனைமரமும் (அவையும் நம் நாட்டினவே) வரையப்படும் அளவுக்குக் தேயிலைக் கொழுந்துக் கூடையும், தொழிலாளர்கள் காலையில் வேலை பிரிக்கக் கூடும் பிரட்டுக்களமும் வரையப்படுவதில்லை. பதிப்பகத்தார் ஓவியரைக் கூத்து நடக்கும் இரவில் தோட்டத்துக்கே அழைத்து வர வேண்டும். தப்பைத் தீயில் காய்ச்சிப் பதம் பார்க்கும் விரல்களை நேரில் காணாமல் சரியாக வரைய இயலாது.