மாரியம்மன் கோயில் தெருவா, கூத்துக்கொட்டகைப் பின்தெருவா?

சிங்கப்பூர் சைனாடவுனில் டெம்பிள் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு உண்டு. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அங்கே கூட்டிப்போனால், "எங்கே அந்தச் சீனக் கோயில்?" என்று தேடுவார்கள். சீனக் கோயில் இல்லை, நம்ம மாரியம்மன் கோயில்தான். 1827இல் நாராயண பிள்ளை எழுப்பிய சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன். அதுவரை அல்மெய்டா ஸ்ட்ரீட் என்று இருந்த தெருவுக்கு 1908இல் கோயிலை வைத்துப் புதுப் பேர் சூட்டினார்கள். பக்கத்துப் பகோடா ஸ்ட்ரீட்டும் நம் கோபுரத்தைப் பார்த்து வைத்த பேர். இதைச் சொன்னதும் கேட்பவர் முகத்தில் ஒரு பூரிப்பு வரும். சொல்கிற எனக்கும்தான்.

ஆனால் அந்தத் தெருவில் குடியிருந்த காண்டனீஸ் பேசும் சீனச் சனங்கள் அதை அப்படிக் கூப்பிடவில்லை. அவர்களுக்கு அது கூத்துக்கொட்டகைப் பின்தெரு. அதற்கு இணையாக ஓடும் ஸ்மித் ஸ்ட்ரீட், கொட்டகைத் தெரு. இரண்டையும் வெட்டிக்கொண்டு போகும் டிரங்கானு ஸ்ட்ரீட், கொட்டகைப் பக்கத்துத் தெரு. கொட்டகை என்றால் லாய் சுன் யூன். 1887இல் ஸ்மித் ஸ்ட்ரீட் முக்கில் எழுந்த மூன்று மாடிக் கூத்தரங்கம், 800 பேருக்கு மேல் உட்காரலாம். ஸ்மித் என்பவர் அந்தக் காலத்து ஆளுநர். பலகையில் அவர் பேர் இருந்தது, சனங்கள் வாயில் கொட்டகைதான் இருந்தது. கொட்டகைக்கு முன்னால், பின்னால், பக்கத்தில் என்று மூன்று தெருவுக்கு ஒரே கட்டடம் வழி சொல்லியிருக்கிறது.

அந்தக் காலத்தைப் பொன்னுலகமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. கொட்டகையைச் சுற்றி அபின் கூடங்களும் விபசார விடுதிகளும் நிறைந்திருந்தன. கூத்து பார்க்க வந்த கூட்டத்தை நம்பித்தான் அந்த வட்டாரத்துச் சாப்பாட்டு வியாபாரமும் ராத்திரியெல்லாம் ஓடியது. இன்று லாய் சுன் யூன் ஒரு ஹோட்டல். வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கொஞ்சம் நடந்தால் இயூ டோங் சென் ஸ்ட்ரீட். அதற்கு முன்பிருந்த பேரே வாயாங் ஸ்ட்ரீட். வாயாங் என்றால் மலாயில் கூத்து, இங்கே பொதுவாகச் சீனக் கூத்து. ஈயச் சுரங்கம், மருந்துக்கடை, ரப்பர் என்று சம்பாதித்த இயூ டோங் சென் அங்கிருந்த கூத்தரங்குகளை வாங்கினார், தெருவைத் திருத்திக் கட்டினார், தெருவுக்கும் அவர் பேரே நிலைத்தது. போதாதென்று 1928இல் மெஜெஸ்டிக் என்ற கூத்தரங்கைத் திறந்தார். கூத்துப் பைத்தியமான மனைவிக்காகக் கட்டினார் என்று சொல்வார்கள். பிறகு அது சினிமாக் கொட்டகை ஆகி, 1998இல் மூடி, கடைகள் வைக்கும் கட்டடமாக மாறியது. முகப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. சைனாடவுன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வருபவர்கள் ஒரு நிமிடம் தலை தூக்கிப் பாருங்கள். முகப்பு ஓடுகளில் கையால் வரைந்த கூத்துப் பாத்திரங்கள் வரிசையாக நிற்பார்கள்.

சரி, இவ்வளவும் சொல்வது எதற்கு? பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பாற்றிவிட்டோம் என்று இந்த ஊர் அடிக்கடி முதுகைத் தட்டிக்கொள்கிறது. காப்பாற்றியது உண்மை, பாராட்டலாம். ஆனால் அந்தக் கட்டடங்கள் ஊருக்குச் செய்துகொண்டிருந்த வேலை வேறு. கூத்துதான் அன்றைக்கு இந்த ஊரின் முகவரி. எந்தக் கூத்து காதில் விழுந்ததோ, அதை வைத்து யாருடைய பேட்டையில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள முடிந்தது. ஒவ்வொரு சீனக் கிளைமொழிக்கும் ஒரு பேட்டை: தெலுக் ஆயர் பக்கம் ஹொக்கியன், ஆற்றங்கரையும் பிலிப் ஸ்ட்ரீட்டும் தியோச்சு, கிரேத்தா ஆயர் காண்டனீஸ், மிடில் ரோடு பக்கம் ஹைனானீஸ். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு எல்லாம் "சீனக் கூத்து", ஒரே தாளச் சத்தம். கேட்டுப் பழகினால் வித்தியாசம் பிடிபடும். காண்டனீஸ் பக்கவாத்தியத்தில் வயலின் இருக்கும், சாக்ஸபோன்கூட இருக்கும். அவர்கள் 1920, 30களில் மேற்கத்திய வாத்தியங்களைச் சேர்த்துக்கொண்டவர்கள். (வயலினைத் தன் சொந்தப் பிள்ளையாக்கிக்கொண்ட நாம் இதில் மூக்கைச் சுளிக்க முடியாது.) ஹொக்கியனில் ஒருவகை அழுகைப் பாட்டு உண்டு. அது தொடங்கினால் முன்னால் இருக்கும் கிழவிகள் கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள்.

இந்தக் கூத்தை நான் கற்றுக்கொண்டது அரங்கத்தில் இல்லை, ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில். சீன நாட்காட்டியில் ஏழாம் மாதம், ஆவிகளுக்குப் படையல் போடும் மாதம். பிற்பகல், தார் கொதிக்கிறது. இரும்புக் குழாய்களை நட்டு, மேலே பலகை போட்டு, அரண்மனை வரைந்த திரை கட்டியிருந்தார்கள். எதிரே ஒரு கூடாரத்தில் சாமிகள். மேடைக்கும் சாமிக்கும் நடுவில் நூறு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் இரண்டு ஆ மாக்கள் (சீனப் பாட்டிகள்), நான், சாப்பாட்டு டெலிவரிப் பையன் ஒருவன். தியோச்சுக் குழு. எண்ணி நாலு பேருக்கு என்ன ஆடிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு அபிநயம் குறையவில்லை. கூத்து சாமிக்கு, நாங்கள் ஓரமாக ஒட்டிக்கொண்டவர்கள்.

தொடக்கத்தில் மங்கலத்துக்காகச் சில சின்னக் காட்சிகள் ஆடுவார்கள். அதில் ஒன்றில் தேவலோகப் பெண் ஒருத்தி தன் குழந்தையைக் கணவனிடம் ஒப்படைப்பாள். குழந்தை ஒரு மரப்பொம்மை. மேடையில் குழந்தையாக வரும் அதே பொம்மைக்கு மேடைக்குப் பின்னால் ஊதுபத்தி காட்டுகிறார்கள், ஏனென்றால் அது தெய்வம். காட்சி முடிந்ததும் அந்தப் பெண் முழு வேஷத்தோடு ஏணியில் இறங்கி, பூவேலை செய்த செருப்போடு தாரில் நடந்து, கரண்டு வயரைத் தாண்டி, சாமிக் கூடாரத்துக்குப் போய்ப் பொம்மையைப் பீடத்தில் வைத்து வணங்கினாள். நிறுத்த இடம் தேடி வந்த ஒரு வேன், அவள் திரும்பி வரும்வரை அசையாமல் நின்றது. அந்த ஐந்து நிமிடம் அந்தக் கார் நிறுத்துமிடம் வேறு எதுவாகவோ இருந்தது. கோயில் பிராகாரம் என்று சொன்னால் நம் ஆட்களுக்குப் புரியும்.

காண்டனீஸ் கூத்தில் இதைவிடத் தீவிரமான சடங்கு ஒன்று உண்டு. இதுவரை கூத்து நடக்காத நிலத்தில் மேடை போட்டால், முதலில் வெள்ளைப் புலிக்குப் படையல். புலிவேஷக்காரர் பாய்ந்து வந்து பச்சைப் பன்றி இறைச்சியைக் கவ்வுவார், தெய்வவேஷம் போட்டவர் அதை அடக்கிச் சங்கிலி கட்டுவார். அது முடியும்வரை மேடைக்குப் பின்னால் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அந்த நிலத்தோடு கணக்குத் தீர்த்த பிறகுதான் கதை. ஊரில் திரௌபதி அம்மன் கோயில் கூத்து பார்த்தவர்களுக்கு இது விநோதமாகவே தோன்றாது. இதே சைனாடவுனில், நம் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு முந்தைய வாரங்களில் பாரதக் காட்சிகள் நடத்திக் காட்டுகிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். அரவான் களப்பலியும் வெள்ளைப் புலியும் ஒரே வட்டாரத்துக்காரர்கள்.

இந்த முகவரியை அழித்தது டிவியோ சினிமாவோ என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டு கூத்து நின்றது. சீனர்கள் கிளைமொழிகளை விட்டு மாண்டரின் பேசவேண்டும் என்று 1979 செப்டம்பரில் அரசாங்கத்தின் "மாண்டரின் பேசுவோம்" இயக்கம் தொடங்கியது. 1980களின் தொடக்கத்துக்குள் ரேடியோ, டிவியிலிருந்து ஹொக்கியனும் தியோச்சுவும் காண்டனீஸும் இறங்கிப்போயின. ஆ மா ஹொக்கியன், பேரன் மாண்டரினும் ஆங்கிலமும். பேரனைக் கூத்துக்குக் கூட்டிவந்தால் அவனுக்கு ஒரு வரி புரியாது. மேடை ஓரத்தில் மின்பலகையில் வசனம் ஓடுகிறது, அதைப் படித்துப் புரிந்துகொள்கிறான், பாவம், தன் பாட்டியின் மொழியை. இந்த ஊரில் நூற்றுக்கு ஒன்பது பேர் இந்தியர், அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் தமிழர். நம் மொழி எம்ஆர்டி பலகையில் இருக்கிறது, பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நாடாளுமன்றத்தில் பேசலாம். நம்மைவிடப் பல மடங்கு சனத்தொகை கொண்ட ஹொக்கியனுக்கு அதில் ஒன்றும் கிடையாது. நம்மவர்கள் இதை யோசிப்பதே இல்லை. "சீனர்களுக்கு என்ன குறை" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

ஹாங்காங்கைப் பாருங்கள், கதை அப்படியே தலைகீழ். அங்கே கட்டடங்களுக்கு இரக்கமே கிடையாது. காஸ்வே பேயில் லீ தியேட்டர் என்று சுழல்மேடை வைத்த அரங்கம் இருந்தது. 1959இல் டோங் திக் சாங் என்ற பெரிய கூத்தாசிரியர், தன் புதுக் கூத்தின் முதல் ஆட்டத்தின்போது அங்கேதான் மயங்கி விழுந்தார், பிறகு பிழைக்கவில்லை. அப்பேர்ப்பட்ட இடத்தை 1991இல் இடித்து வணிக வளாகம் கட்டிவிட்டார்கள். நார்த் பாயிண்டில் சன்பீம் தியேட்டர் 1972இலிருந்து ஓடியது. பலமுறை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்து பிழைத்து, கடைசியில் 2025 மார்ச்சில் மூடியே விட்டார்கள். வாங்கியது ஒரு தேவாலயம். இன்னொரு பக்கம் அரசாங்கம் மேற்கு கவுலூனில் 2019இல் சிச்சு சென்டர் என்ற பிரமாண்டமான சீனக் கூத்தரங்கைத் திறந்தது. பெரிய அரங்கில் 1,073 இருக்கை, வாசலே விலகிய திரைச்சீலை மாதிரி இருக்கும். சன்பீம் மூடியதற்கு இது ஈடு என்று சொல்கிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். ஒன்று மீன்கடைக்கும் டிராம் ஸ்டாப்புக்கும் பக்கத்தில் சனங்களோடு இருந்தது, மற்றது நாம் புறப்பட்டுப் போகவேண்டிய இடம். ஆனாலும் ஹாங்காங்கில் பேச்சு காண்டனீஸ். மிங் வம்சத்து இளவரசியும் அவள் கணவனும் விஷம் குடிக்கும் அந்த ஜோடிப் பாட்டின் முதல் வரி, வாழ்நாளில் கூத்துப் பக்கமே போகாதவனுக்கும் அங்கே தெரியும். கொட்டகை போனாலும் பாட்டு தெருவில் கிடக்கிறது.

இங்கே முகப்பு கிடக்கிறது, பாட்டு போய்விட்டது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால், நம் கதைதான் மோசம் என்பேன்.

"கெத்தாய் வந்துதான் கூத்தைக் கெடுத்தது" என்று பெரியவர்கள் திட்டுவதுண்டு. ஏழாம் மாதத்து மேடைக் கச்சேரி, மினுமினுப்பு உடை, ஒளிவிளக்கு. எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. இன்றைக்குத் தெருவில் மைக் வைத்து ஹொக்கியனில் பாடி, ஹொக்கியனில் ஜோக் அடித்து, கூட்டத்தைச் சிரிக்கவைப்பது அவர்கள்தான்.

எதிர்ப்பேச்சு என்ன வரும் என்று தெரியும்: சத்தம். பிள்ளைக்குப் பரீட்சை, தாத்தாவுக்குத் தூக்கம், ராத்திரி தாளம் போட்டால் எப்படி? நியாயம்தான். நானும் அப்படி ஒரு மேடைக்கு மேலே ஆறாவது மாடியில் குடியிருந்தவன். ஆனால் வருஷத்தில் சில நாள். கார் ரேஸுக்காக மரினா பே பக்கம் வருஷாவருஷம் மூன்று ராத்திரி காது கொடுக்கிறோம், அதைப் பெருமை என்கிறோம். பாரம்பரியம் என்று பலகை வைக்கச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கைத் திடல் வாடகைக்கும் மேடைக் கூலிக்கும் கொடுங்கள். 2016இல் முதியவர்களுக்காக டிவியில் ஹொக்கியன் நாடகத் தொடர் ஒன்று வந்தபோது வானம் இடிந்து விழவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டால் என்ன கெட்டுப்போகும்?

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு இடம் சொல்கிறேன். பாலஸ்டியர் ரோட்டில், கரும்புத் தோட்டத்து ஹொக்கியன் தொழிலாளர்கள் 1847இல் எழுப்பிய துவா பெக் கோங் என்ற சீனச் சாமியின் கோயில் இருக்கிறது. அதன் முற்றத்தில் 1906இல் கட்டிய கூத்துமேடை இன்றும் நிற்கிறது. சாமியைப் பார்த்தபடி நிரந்தரமாகக் கட்டிய மேடைகளில் மிச்சமிருக்கும் சிலவற்றில் ஒன்று. லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். இன்னொன்று புலாவ் உபின் தீவின் கிராமத்து மேடை. வீசாக் தினத்தை ஒட்டி அங்கே திருவிழா, தியோச்சுக் கூத்து. சாங்கி வில்லேஜ் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும், அதனால் ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள். ஏழாம் மாதத்து மேடை என்றால் முதல் வரிசை நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அதில் உட்காராதீர்கள், அது வேறு விருந்தாளிகளுக்கு, ஆவிகளுக்கு, ஒதுக்கியது. இரண்டாவது வரிசையில் ஆ மா பக்கத்தில் இடம் கிடைக்கும்.