அந்த ‘லீ’ யார் என்று நான் ஏன் முடிவு செய்தேன்?

போன மாதம் வேலை விஷயமாக ஒரு காணொளிக் கூட்டம். மறுபக்கத்திலிருந்து பேசப்போகிறவரின் பெயர் அழைப்பில் இருந்தது. கடைசிப் பெயர் லீ. கூட்டம் தொடங்கும் முன்பே என் மனதில் ஒரு முகம் வந்து உட்கார்ந்துவிட்டது. சீனராகவோ கொரியராகவோ இருப்பார். ஊகம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, சந்தேகமே எழவில்லை. திரையில் வந்தவர் ஒரு கறுப்பின அமெரிக்கர். அவருக்கு இது எதுவும் தெரியாது, பேச்சு இயல்பாகப் போனது. ஆனால் ஒரு மனிதரைப் பார்ப்பதற்கு முன்பே அவர் யார் என்று தீர்மானித்து வைத்திருந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது.

அன்று இரவு அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை வெளியிட்ட குடும்பப்பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத் தயாரித்தது. ஒவ்வொரு பெயரும் எத்தனை பேருக்கு இருக்கிறது, எத்தனையாவது இடம், அவர்களில் எந்த இனத்தவர் எத்தனை சதவீதம் என்று வரிசையாக இருக்கும். முதல் இடம் ஸ்மித், 24,42,977 பேர். லீ 22ஆவது இடம், 6,93,023 பேர். இந்த லீக்களில் ஏறக்குறைய 42 சதவீதம் ஆசியர்கள், 36 சதவீதம் வெள்ளையர்கள், 16 சதவீதம் கறுப்பினத்தவர்கள். நான் அவ்வளவு உறுதியாக நினைத்தது, அந்த நாட்டில் சரியாக இருப்பதைவிடத் தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, அந்த ஏழு லட்சம் பேரும் ஒரே பெயரையாவது வைத்திருக்கிறார்களா? அதுவும் இல்லை. ஆங்கிலேயரின் லீ, காட்டுக்கு நடுவே மரம் வெட்டித் திருத்திய வெளி நிலத்தைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது. சீனரின் லீ ஒரு பழமரத்தின் பெயர், பிளம் மரம். கொரியர்கள் அதே சீன எழுத்தைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் தெற்கில் உச்சரிப்பது ‘ஈ’ என்று. ஆங்கிலேயரின் பெயருக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் ரோமன் எழுத்தில் எழுதும்போது எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டன. சீன வம்சாவளியினரான புரூஸ் லீ, கறுப்பின அமெரிக்க இயக்குநர் ஸ்பைக் லீ, ஆங்கில நடிகர் கிறிஸ்டோபர் லீ மூவரையும் எத்தனையோ முறை திரையில் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும் என் மனம் புரூஸ் லீயின் பக்கமே ஓடியது.

இந்தப் பட்டியலில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த பெயர் வேறு. வாஷிங்டன். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியின் பெயர், தலைநகரின் பெயர். இதைக் குடும்பப்பெயராக வைத்திருப்பவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் கறுப்பினத்தவர்கள். வெள்ளையர்கள் 5 சதவீதம்தான். ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. அவர் அடிமைகளை வைத்திருந்தவர். ஆனால் இந்தப் பெயருள்ள எல்லோரும் அவருடைய பண்ணையில் இருந்தவர்களின் வழிவந்தவர்கள் என்று நினைத்தால் அதுவும் தவறு. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை போட்டார்கள். அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அடிமைகளின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர்களில் பலர் தங்களுக்குள் ஒரு குடும்பப்பெயரை வைத்துப் புழங்கியிருந்தாலும் அரசுக்கு அது தேவைப்படவில்லை. விடுதலைக்குப் பிறகு 1870இல் நடந்த கணக்கெடுப்பில்தான் பெரும்பாலானோர் பெயரோடு பதிவானார்கள். சிலர் ஏற்கெனவே வைத்திருந்த பெயரைச் சொன்னார்கள், சிலர் புதிதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் அப்படிப் பெயர் எடுத்தவர்தான். அடிமையாகப் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது மற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்தார். தனக்கு ஒன்றுதான். ஆசிரியர் முழுப் பெயரைக் கேட்டபோது அமைதியாக ‘புக்கர் வாஷிங்டன்’ என்று சொல்லிவிட்டதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு சிறுவன் வகுப்பறையில் எடுத்த முடிவு. இப்படிப்பட்ட எத்தனையோ முடிவுகள் சேர்ந்துதான் இன்றைக்கு அந்தச் சதவீதமாக நிற்கின்றன. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அந்தச் சிறுவன் தெரியமாட்டான்.

இதனால்தான் ‘இந்தச் சர்நேம் இத்தனை பேருக்கு இருக்கிறது, ஆகவே இவ்வளவு பெரிய குடும்பம், இவ்வளவு பழைய வம்சம்’ என்று யாராவது பேசினால் எனக்கு ஏற்க முடிவதில்லை. பெரும்பாலான நாடுகளில் அந்த எண்ணிக்கை ரத்த உறவின் கணக்கே அல்ல. எப்போது, யார், எதற்காகப் பெயரை எழுதி வாங்கினார்கள் என்பதன் கணக்கு.

கொரியாவையே பாருங்கள். தென்கொரியாவின் 2015 கணக்கெடுப்பில் கிம் என்ற பெயர் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்தது, மக்கள்தொகையில் 21.5 சதவீதம். கிம், லீ, பார்க் மூன்றையும் சேர்த்தால் 45 சதவீதத்தை நெருங்கும். இத்தனை பேரும் பழைய மூன்று ராஜவம்சங்களின் வாரிசுகளா? கொரியாவை ஜோசோன் வம்சம் ஆண்ட காலத்தில் நெடுநாள்வரை அடிமைகளுக்கும் எளிய மக்கள் பலருக்கும் குடும்பப்பெயரே கிடையாது. பிற்பாடு பணம் வந்தவர்கள் உயர்குடி வம்சாவளி நூல்களில் தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 1909இல் குடிமக்கள் பதிவுச் சட்டம் வந்து எல்லோரும் பெயர் பதிந்தாக வேண்டும் என்றானபோது, மீதமிருந்தவர்களில் பலரும் மதிப்புள்ள, பழக்கமான பெயர்களையே எடுத்தார்கள். இதில் ஒரு கொடுமையும் நடந்தது. ஒரே குடும்பப்பெயரும் ஒரே பூர்விக ஊரும் கொண்ட இருவர் திருமணம் செய்யக் கூடாது என்று அங்கே சட்டம் இருந்தது. கிம்ஹே ஊரைப் பூர்விகமாகக் கொண்ட கிம்கள் மட்டுமே நாற்பது லட்சத்துக்கு மேல். எந்த நெருங்கிய உறவும் இல்லாத இரண்டு பேர் காதலித்து, சேர்ந்து வாழ்ந்து, பிள்ளை பெற்ற பிறகும் பதிவேட்டில் கணவன் மனைவி ஆக முடியவில்லை. 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சட்டப் புத்தகத்திலிருந்து அது நீங்க 2005 ஆகிவிட்டது. பெயரின் எண்ணிக்கையை ரத்தத்தின் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டதால் எத்தனை வாழ்க்கைகள் தவித்திருக்கும்!

வியட்நாமில் பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேர் நுயென். அரசு கைமாறியபோது தோற்ற வம்சத்தார் மேல் திணிக்கப்பட்ட பெயர் அது. 1232இல் ட்ரான் ஆட்சியாளர்கள், பதவி இழந்த லீ வம்சத்தவரை நுயென் என்று மாற்றிக்கொள்ள வைத்தார்கள். 1802 முதல் 1945 வரை நுயென் என்ற பெயரிலேயே ஒரு ராஜவம்சம் ஆண்டது, பெயர் இன்னும் பரவியது. பிலிப்பைன்ஸ் கதை இன்னும் நேரடியானது. வரி வசூலிக்க முடியாத அளவுக்குப் பெயர்கள் குழம்பிக் கிடக்கின்றன என்று 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா 60,000க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலை அச்சடித்து ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். இந்தப் பக்கம் இந்த ஊருக்கு. அதனால்தான் சில ஊர்களில் இன்றைக்கும் பெரும்பாலான பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. அங்கே ஒருவரின் சர்நேம் காட்டுவது அவருடைய வம்சத்தை அல்ல, ஒரு அதிகாரி தாளைக் கிழித்த இடத்தை.

அப்படியானால் இந்தக் கணக்கெல்லாம் வீணா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். எனக்கு இந்தப் பட்டியல்கள் பிடிக்கும். தனி ஆளைப் பற்றி அல்லாமல் ஒரு பெரிய மக்கள்கூட்டத்தைப் பற்றிக் கேட்டால் அவை உண்மையைச் சொல்கின்றன. அமெரிக்காவில் வாகனக் கடன் போன்றவற்றுக்கு விண்ணப்பிப்பவரிடம் பொதுவாக இனத்தைக் கேட்கக் கூடாது என்பது விதி. அப்புறம் எப்படிப் பாகுபாட்டைக் கண்டுபிடிப்பது? குடும்பப்பெயரையும் வசிக்கும் பகுதியையும் சேர்த்து, ஒருவர் எந்த இனத்தவராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டு, ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். அந்த முறையில் தனியொரு லீயைப் பற்றி யாரும் எதையும் தீர்மானிப்பதில்லை. ஒரு கூட்டத்துக்கு வட்டி ஏன் அதிகம் என்று கேட்கிறார்கள். இதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதே எண்ணை எடுத்து, எதிரில் நிற்கும் ஒருவரின் மதம், இனம், பணம், படிப்பு என்று ஊகித்து அதன்படி நடந்துகொள்வதைத்தான் எதிர்க்கிறேன். அன்று நான் செய்தது அதைத்தான்.

இந்த எண்களில் பெண்கள் அநேகமாகக் காணாமல் போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் திருமணம் செய்பவர்கள் ஒரே குடும்பப்பெயரை வைத்தாக வேண்டும் என்பது சட்டம். சுமார் 95 சதவீதம் மனைவியர்தான் தங்கள் பெயரை விடுகிறார்கள். இது இப்படியே தொடர்ந்தால் 2531இல் எல்லா ஜப்பானியர்களுக்கும் சாட்டோ என்ற ஒரே குடும்பப்பெயர்தான் இருக்கும் என்று 2024இல் தோஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அது நடக்கப்போகிறது என்பதற்காக அல்ல, இந்தச் சட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்று புரியவைக்க. பெயர்கள் அழிவது பழைய கேள்விதான். 1873இல் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் கேட்டார், அடுத்த ஆண்டு கணிதவியலாளர் வாட்சனோடு சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார். மகன் வழியாக மட்டும் பெயர் போனால், எவ்வளவு நல்லபடியாக வாழ்ந்த குடும்பமானாலும் தற்செயலாகவே பல பெயர்கள் மறையும். மகள்கள் இருப்பார்கள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், பெயர் மட்டும் இருக்காது.

அமெரிக்கப் பட்டியலில் 100 பேராவது வைத்திருக்கும் பெயர்களைத்தான் வெளியிடுகிறார்கள், மொத்தம் 1,62,253 பெயர்கள். அதற்குக் கீழே போனால் தனி மனிதர்களை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால் அந்த எல்லை. கோப்பின் கடைசி வரிக்கு ‘மற்ற எல்லாப் பெயர்களும்’ என்று தலைப்பு. அந்த ஒரே வரியில் 2 கோடியே 93 லட்சம் பேர் இருக்கிறார்கள். ஸ்மித்துகளைப்போல் பன்னிரண்டு மடங்கு. அவர்களுடைய பெயர்களைத்தான் எனக்குப் படிக்க ஆசை.