சீட்டில் நோயின் பெயர் மாறினால் டாக்டரை மாற்ற ஓடாதீர்கள்

"போன டாக்டர் மனச்சிதைவுன்னார், இவர் பைபோலார்ங்கிறார் (இருமுனைக் கோளாறு). யாரைத்தான் நம்புறது?" மனநல ஓபி வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சித்தி மகனுக்குத் துணையாகப் பல வருடம் போய் வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் இரண்டு பேரையுமே நம்பலாம். அன்றைக்குக் கண்ணில் பட்டதை வைத்து அவரவர் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள்.

சைக்கோசிஸ் என்பது காய்ச்சல் மாதிரி. காதில் குரல் கேட்கும், யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று அடித்துச் சொல்வார்கள், பேச்சு கோவையில்லாமல் போகும். மனச்சிதைவிலும் இது வரும், இருமுனைக் கோளாறிலும் வரும், கடுமையான மனச்சோர்விலும் கஞ்சாவிலும் மூளை அழற்சியிலும்கூட வரும். மூளை அழற்சி போன்றவை இல்லை என்று பார்க்க ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உதவும். மனச்சிதைவா பைபோலாரா என்று பிரித்துச் சொல்லும் டெஸ்ட் எதுவும் இன்றுவரை கிடையாது.

அதோடு, காலக்கணக்கும் விதிமுறைக்குள்ளேயே இருக்கிறது. மனச்சிதைவு என்று எழுத, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10 விதிப்படி அறிகுறிகள் ஒரு மாதம் நீடிக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம் கேட்பது ஆறு மாதம். பைபோலாருக்கு மேனியா, அதாவது தூக்கமே தேவைப்படாத அளவுக்கு மிதமிஞ்சிய உற்சாகம், அல்லது அதன் லேசான வடிவமாவது வந்தாக வேண்டும். முதல் தடவை சோர்வோடு குரல் கேட்டு வந்தவருக்கு மேனியா சில வருடம் கழித்து வந்தால், அதை முன்கூட்டியே எப்படி எழுதுவது?

நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுன்ட்டியில் சைக்கோசிஸுக்காக முதல்முறை அட்மிட் ஆனவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 2011இல் வந்த கட்டுரையில் 470 பேரின் கணக்கு இருக்கிறது. 50.7 சதவீதம் பேருக்கு டயக்னோசிஸ் ஒரு தடவையாவது மாறியிருந்தது. நம் வீடுகளில் மாற்றம் என்றாலே 'பெரிய வியாதி இல்லையாம்' என்ற திசையில்தான் எதிர்பார்க்கிறோம். அங்கே நடந்தது வேறு. ஆரம்பத்தில் 29.6 சதவீதமாக இருந்த மனச்சிதைவு வகை, பத்தாம் வருடம் 49.8 ஆனது. முதலிலேயே மனச்சிதைவு என்று எழுதப்பட்டவர்களில் 89.2 சதவீதம் பேருக்குப் பத்தாம் வருடமும் அதேதான்.

சித்தி மகனான என் தம்பியின் கதை வேறு திசையில் போனது. முதல் சீட்டில் ஐசிடி-10 குறியீடு எஃப் 23, அதாவது திடீரென வந்து சீக்கிரம் போகும் சைக்கோசிஸ். மாதம் தாண்டியும் குரல் நிற்காததால் எஃப் 20, மனச்சிதைவு. அப்புறம் ஒரு சித்திரையில் ராத்தூக்கமே இல்லாமல், கடன் வாங்கி செல்போன்களாக வாங்கி, தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் கொடுத்தான். புதிதாக வந்த டாக்டர் பழைய ஃபைலைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினார். முதல் அட்மிஷனில் வார்டு நர்ஸ் எழுதியது இருந்தது: "இரவு 2 மணி வரை பாடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை." அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு எங்களிடம் நிறைய கேள்வி கேட்டார். சீட்டு எஃப் 31, அதாவது பைபோலார் ஆனது, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை ஆரம்பித்தார்கள்.

உறவுக்காரர்கள் சொன்னதைக் கேட்க வேண்டுமே. "அப்பாடா, வெறும் பைபோலார்தானாம்!" வெறுமா? லித்தியத்துக்கு ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும், கிட்னி, தைராய்டு பார்க்க வேண்டும். சொன்னவர்கள் யாரும் லேப் வரிசையில் நின்றதில்லை.

டாக்டர்கள் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. "இப்போதைக்கு இப்படி எழுதுகிறேன், போகப் போக மாறலாம்" என்று முதல் நாளே சொல்ல அரை நிமிடம் ஆகாது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால், பெயர் மாறும்போது முதல் டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்றே குடும்பம் நினைக்கும். பழைய ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, முதலிலிருந்து கதை. சிலர் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். அதுதான் பயம்.

பெயர் மாறினால் டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். புதிதாக எதைப் பார்த்து மாற்றினீர்கள்? மாத்திரையில் எது மாறுகிறது, ஏன்? டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காமல் கேஸ் ஷீட் நகலும் கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, 25ஆவது பிரிவு, தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.