கொட்டாங்குச்சிக் குதிரையில் வந்த ராஜா

‘மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெய்ல்’ படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ‘அபத்த நகைச்சுவை’ என்று ஒரு முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 1975-இல் வந்த படம் இது; ஏசுவின் புனிதக் கோப்பையைத் தேடிப் போகும் ஆர்தர் ராஜாவின் பழங்கதையைக் கிண்டல் செய்கிறது. வெறும் அபத்தம் ஐம்பது வருஷம் தாங்காது. ஜோக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் ஆறு பேரும் உயிரைக் கொடுத்து, நிஜம் போலவே செய்து வைத்ததால்தான் படம் இன்னும் நிற்கிறது.

முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூடுபனி. குளம்புச் சத்தம் நெருங்குகிறது. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஆர்தர் ராஜாவின் கிரீடம் எழும்புகிறது, அப்புறம் முகம், அப்புறம் முழு ஆள். கீழே குதிரை இல்லை! கடிவாளம் பிடித்த பாவனையில் ராஜா துள்ளித் துள்ளி வர, முதுகு நிறைய மூட்டை சுமந்த வேலைக்காரன் பின்னால் கொட்டாங்குச்சியைத் தட்டிக்கொண்டே வருகிறான். குதிரைக்குப் பணமில்லை, அதுதான் விஷயம். ஆனால் அதை மறைக்காமல் கதைக்குள்ளேயே இழுத்துவிட்டார்கள். கோட்டைச் சுவர் மேல் நிற்கும் காவலாளிக்கு ராஜா யார் என்பதில் அக்கறையே இல்லை. இந்தக் குளிர்ப் பிரதேசத்தில் தேங்காய் எப்படிக் கிடைத்தது என்பதுதான் அவன் கவலை. தகைவிலான் குருவி தூக்கி வந்திருக்கலாமோ? ஐந்து அவுன்ஸ் குருவி ஒரு பவுண்டு தேங்காயை எப்படித் தூக்கும்? வாக்குவாதம் முடியவே முடியாது. ராஜா பொறுமையிழந்து கிளம்பிவிடுவார். ஆனால் படத்தின் கடைசியில், கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் உயிர் போகும் மரணப் பாலத்தில் ராஜாவைக் காப்பாற்றுவது இதே குருவிக் கணக்குதான்.

இதெல்லாம் எடுபடுவதற்குக் காரணம் ஆர்தராக நடித்த கிரகாம் சாப்மன். படம் முழுக்க ஓர் இடத்தில்கூட அவர் சிரிப்பு மூட்டப் பார்க்கவில்லை. ஒரு பெரிய சரித்திரப் படத்தின் நாயகன் போலவே கடைசிவரை நிற்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள்தான் அவரை மதிப்பதில்லை.

1974-இல் ஸ்காட்லாந்தில் எடுத்தார்கள். பணம் போட்டவர்களில் பிங்க் ஃபிளாய்ட், லெட் செப்பலின் என்ற ராக் இசைக்குழுக்களும் உண்டு. பேசி வைத்திருந்த கோட்டைகளுக்குக் கடைசி நேரத்தில் அனுமதி இல்லை என்றாகிவிட, அப்போது தனியாருக்குச் சொந்தமாக இருந்த டூன் கோட்டை ஒன்றையே கோணம் மாற்றி மாற்றிப் பல கோட்டைகளாகக் காட்டினார்கள். வீரர்கள் போட்டிருக்கும் இரும்பு வலைக் கவசம் கம்பளி நூலில் பின்னி வெள்ளிச் சாயம் அடித்தது. மழையில் அது ஊறிப்போய் உடம்போடு ஒட்டிக்கொண்டு எல்லாரையும் படுத்தி எடுத்திருக்கிறது. அந்த ஈரமும் சேறும் நடுக்கமும் திரையில் அப்படியே தெரிகின்றன. பளபளப்பான அரண்மனை செட்டில் எடுத்திருந்தால் பாதி ஜோக் செத்திருக்கும்.

இயக்கியவர்கள் இரண்டு டெர்ரிகள்: டெர்ரி கில்லியம், டெர்ரி ஜோன்ஸ். இதில் ஜோன்ஸ் இடைக்காலத்தை ஆழ்ந்து படித்த மனிதர். பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் கவிதையில் வரும் உத்தம வீரன் உண்மையில் கூலிக்குச் சண்டை போட்டவன் என்று வாதாடி 1980-இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் காலத்தை நேசித்துப் படித்த ஒருவரால்தான் அதை இப்படிக் கிண்டல் செய்ய முடியும். கழுத்தைக் கடித்துக் குதறும் வெள்ளை முயல் வருகிறதே, இடைக்கால ஏடுகளின் ஓரங்களில் ஆயுதம் ஏந்தி மனிதர்களை வேட்டையாடும் முயல்களை அன்றைய ஓவியர்களே வரைந்து வைத்திருக்கிறார்கள்!

என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் அந்த விவசாயி காட்சிதான். சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும் டென்னிஸை ராஜா “கிழவியே” என்று கூப்பிடுகிறார். “ஆம்பளை” என்று திருத்துகிறான் அவன். தனக்கு 37 வயதுதான், கிழமும் இல்லை என்கிறான். “நான் உன் ராஜா” என்றால், “நான் உங்களுக்கு ஓட்டுப் போடவில்லையே” என்கிறாள் பக்கத்தில் இருப்பவள். சரி, பின்னே எப்படி ராஜாவானீர்கள்? பின்னணியில் தேவகானம் ஒலிக்க, ஏரியிலிருந்து ஒரு தேவி வாளைத் தூக்கிக் கொடுத்த கதையை ஆர்தர் மெய்மறந்து சொல்கிறார். குளத்தில் கிடக்கும் பெண்கள் வாள் விநியோகிப்பதெல்லாம் ஆட்சிக்கு அடிப்படையாகுமா, அதிகாரம் மக்கள் கொடுப்பதல்லவா என்று டென்னிஸ் விடாமல் கேட்கிறான். பதில் இல்லை. ராஜா அவன் சட்டையைப் பிடித்து உலுக்குகிறார். உடனே அவன் ஊரைக் கூட்டுகிறான்: பாருங்கள், அடக்குமுறையைப் பாருங்கள்!

சுமார் மூன்று நிமிஷம்தான். அதிகாரம் எங்கிருந்து வருகிறது, கேள்வி கேட்டால் அது என்ன செய்யும் என்று இரண்டையும் கண்முன் காட்டிவிடுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது பார்க்கும்போது அந்தச் சட்டையைப் பிடிக்கும் இடத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. அதே போலத்தான் சூனியக்காரி விசாரணையும். வாத்தின் எடையும் அவள் எடையும் ஒன்று, ஆகவே எரிக்கலாம் என்று தர்க்கம் போடும்போது கூட்டம் எவ்வளவு சந்தோஷமாக ஆரவாரம் செய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

எல்லாமே உசத்தி என்று சொல்ல மாட்டேன். கன்னிப்பெண்கள் மட்டும் இருக்கும் கோட்டைக் காட்சி பழசாகிவிட்டது, நீளமும் கூட. ஆனால் முடிவைக் குறை சொல்பவர்களோடு நான் சண்டைக்கு நிற்பேன். பெரும் போர் தொடங்கும் நேரத்தில் இன்றைய போலீஸ் வண்டி வந்து ராஜாவைக் கைது செய்வது திடீர் என்று வருவதில்லை. பாதிப் படத்திலேயே, கேமராவைப் பார்த்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த வரலாற்றுப் பேராசிரியரைக் குதிரையில் வந்த ஒரு வீரன் வெட்டிப் போடுகிறான். நிஜக் குதிரை அது! அதிலிருந்து போலீஸ் விசாரணை இடையிடையே நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. நாம்தான் கவனிக்காமல் விட்டிருப்போம்.

இதுவரை பார்க்காதவர்கள் சப்டைட்டில் போட்டே பாருங்கள், டென்னிஸ் படபடவென்று பேசுவான். கறுப்பு வீரன் சண்டையில் கை கால் துண்டாகி ரத்தம் பீய்ச்சி அடிக்கும். சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் முதலில் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.